பெயர் போடாத தண்ணீர்

கொடுக்கிறவர்களுக்குப் புகைப்படம் வேண்டும். தொண்டு நிறுவன உத்தியோகத்தில் நான் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் படம், தையல் மிஷின் கொடுத்தாலும் படம், ஆடு கொடுத்தால் ஆட்டோடு படம். அந்தப் படங்களில் எல்லாம் ஓரமாக ஒரு பெண் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இப்போதுதான் யாரிடமோ திட்டு வாங்கியவள் போல நிற்பாள். அது நான். கொஞ்சம் சிரிங்க மேடம் என்று சொல்லிச் சொல்லி எத்தனையோ கேமராக்காரர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள்.

என் பல் பழுப்பு. இண்டூருக்குப் பக்கத்தில் பிறந்து, எங்கள் காட்டுப் போர்த்தண்ணீரைக் குடித்து முளைத்த பல். தண்ணீரில் புளோரைடு இருக்கிறது, அது பல்லைக் கெடுக்கும், எலும்பைக் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. சாம்பல், உப்பு, செங்கல் பொடி என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது, கறை போகவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், புகையிலை போடுகிற பெண் என்று நினைத்துக்கொண்டு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிற பழக்கம் அன்றைக்கு வந்தது. அம்மாவுக்கு அது பல்லோடு நிற்கவில்லை. கடைசி வருடங்களில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பாள்.

அதனால் எங்கள் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தார் எங்கள் மாவட்டத்துக்கு என்ன தேவை என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் என்று சொன்னேன்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தாத்தா காலத்தில் பூட்டு செய்து பணக்காரர்களானவர்கள். தாத்தா போய்விட்டார், பூட்டுக் கம்பெனியையும் விற்றுவிட்டார்கள், பணம் மட்டும் இருக்கிறது. பேரன் பேத்திகள் ஆளுக்கொரு நாட்டில். வருடத்துக்கொரு முறை கூடி உட்கார்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசுவார்கள். எங்கோ ஒரு மலையூரில் பழைய தேவாலயத்தின் கூரை ஓவியம், எங்கோ ஒரு தீவில் முகமூடி ஆட்டம், எங்கோ ஒரு சேரியில் பிள்ளைகளுக்கு வயலின் பள்ளிக்கூடம். அவர்களுக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே ஒரு கலைக்கும் ஒரு தேவைக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, எங்கேயும் குடும்பத்தின் பெயர் வரக்கூடாது. கல்லில், பலகையில், பேச்சில், எதிலுமே.

இரண்டாவது விதியைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பெயர்ப் பலகை பார்த்தே கண் பூத்துப்போன ஆள் நான். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம் செய்தவரின் பெயர் எழுதியிருக்கிறது. ஓடும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால்தான் அவருக்குப் புகழ். கேமராவே இல்லாத ஒரு தர்மம் இந்த உலகத்தில் உண்டு என்று தெரிந்தபோது, இவர்களுக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்யலாம் என்று நினைத்தேன். நினைத்ததற்கு நன்றாக அனுபவித்தேன்.

முதலில் கலை. கூத்து என்றேன். அழிந்துகொண்டிருக்கும் கலையைக் காப்பாற்றப் போகிறோம் என்று கம்ப்யூட்டர் திரையில் அத்தனை முகங்களும் மலர்ந்தன. நான் சொல்லியிருந்த கூத்து ஜமாவோ, அதாவது ஆடுகிற குழுவோ, ஏரியூர்ப் பக்கத்தில் மாசி பிறந்தால் ஆடி முடிகிறவரை வீட்டில் படுக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்ல ஜமாவின் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அவர்தான் கட்டியக்காரன் வேஷமும் கட்டுகிறவர். செல்போனில் தேதி பார்த்துவிட்டு, அடுத்த அமாவாசைக்கு அப்புறம் ஒரு நாள் காலையில் காலியாக இருக்கிறேன், அப்போது வந்து காப்பாற்றுங்கள் என்றார். அழியவில்லை என்று குடும்பத்துக்கு எழுதினால் கொடுக்கமாட்டார்களோ என்ற பயத்தில் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புதுக் கிரீடங்களும் தோளில் கட்டுகிற புஜகீர்த்திகளும் நல்ல ஆர்மோனியம் ஒன்றும் வந்து சேர்ந்தன.

சிக்கல் உடனே ஆரம்பித்தது. கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஜமாவுக்கு ஏதாவது கொடுத்தால், நடந்துகொண்டிருக்கிற கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் கட்டியக்காரன் முன்னால் வந்து, இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் இதைக் கொடுத்திருக்கிறார், அவர் குடும்பம் தழைக்கவேண்டும் என்று வாழ்த்துவார். துச்சாதனன் சேலையைப் பிடித்தபடி காத்திருப்பான், பாஞ்சாலியும் அழுகையை நிறுத்திவிட்டு நிற்பாள். அப்படி வாழ்த்தாவிட்டால் அது வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்ட கதை. இப்போது தலையில் புதுக் கிரீடம் மின்னுகிறது, கொடுத்தவர் யார் என்று சொல்லக்கூடாது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் என்று வாத்தியார் அறிவித்துப் பார்த்தார். அடுத்த வாரமே மூன்று ஊரில், அந்த ஒருவர் இவர்தான் என்று மூன்று பேரைச் சொன்னார்கள். எல்லோருமே ஒளிந்து திரியக் காரணம் உள்ளவர்கள். வாத்தியார் எனக்குப் போன் செய்து, தம் தொழிலில் இதுவரை இப்படி ஒரு கேவலம் நடந்ததில்லை என்றார். நான் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

அப்போதே சுதாரித்திருக்கவேண்டும்.

தண்ணீருக்கு அதே பக்கத்தில் ஓர் ஊரைப் பிடித்தோம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற ஊர்தான். ஆனால் ஊர் மேட்டில் இருக்கிறது, கடைசித் தெருக்களுக்கு அது ஏறினால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை. மற்ற நாளெல்லாம் போர்த்தண்ணீர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொன்னால் எல்லாம் என் பல். ஊருக்கும், காட்டுக்குள் தள்ளியிருக்கிற சின்னக் குடியிருப்புகளான இரண்டு கொட்டாய்களுக்கும் பொதுவாக மூன்று ரோடும் சேருகிற இடத்தில், போர்த்தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் போட்டோம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நான்கு குழாய். காசு கிடையாது, வந்து பிடித்துக்கொண்டு போகலாம். சுவரில் ஓர் எழுத்துக்கூட இல்லை. கட்டிடக்காரர் முதல் நாள் திருஷ்டிக்குப் பூசணிக்காயில் குங்குமம் தடவி வாசலிலேயே போட்டு உடைத்தார். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒருவரும் வரவில்லை. முதல் வாரம், சரி, கூச்சம் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்தும் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு நாய் வந்து வழிந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். ஆயிரம் சொன்னாலும் அது ஒன்றுதான் எங்கள் பயனாளி. வருகிற வழியில் நின்று யாரைக் கேட்டாலும், வரோமுங்க, வேலைங்க, நாளைக்கிங்க என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். எங்கள் பக்கத்து மனிதர்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் மரியாதையில் நான் செத்தேன்.

கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தது ஒரு சின்னப் பெண். பிளாண்டுக்கு எதிர்வீடு. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது இருக்கும், முன்னால் மேலும் கீழும் பால் பல். அவளிடம் நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். எதிரில் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தப் போர்த்தண்ணீரை ஏன் குழந்தைக்கு ஊற்றுகிறாய், இந்த வயதில்தான் ஈறுக்குள்ளே நாளைய பல் உருவாகிறது, அப்புறம் நீ தலைகீழாக நின்றாலும் வெளுக்காது என்று சொன்னேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"யாரு குடுத்தாங்கன்னே சொல்ல மாட்டேங்கறீங்க. முச்சந்தியில வெச்சிருக்கீங்க. பூசணிக்கா வேற ஒடச்சிருக்கீங்க. யாரு வூட்டுக் கழிப்போ, அத எம்புள்ளைக்கு ஊத்தச் சொல்றீங்களா மேடம்?"

இந்த மண்ணில் பிறந்தவள் நான், எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் நோயோ சாவோ தொடர்ந்தால் சுற்றிப்போட்டு, அந்தக் கழிப்பை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். காலையில் அதைத் தாண்டாமல் ஒதுங்கிப் போக எங்களுக்குச் சின்னப் பிள்ளையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். தோஷம் உள்ளவர் யாருக்காவது எதையாவது தானம் கொடுத்தால் தோஷமும் கூடவே போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று ரோடு சேருகிற இடம், உடைத்த பூசணிக்காய், இவ்வளவு செலவு செய்துவிட்டுப் பெயர் சொல்லாமல் ஒளிந்துகொண்ட ஒரு பணக்காரக் குடும்பம். உலகத்திலேயே பெரிய கழிப்பை நான் நீலப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன்.

என்னால் ஆனதெல்லாம் செய்தேன். எல்லோர் முன்னாலும் சொம்பு சொம்பாகக் குடித்துக் காட்டினேன். நீங்கள் சம்பளத்துக்குக் குடிக்கிறீர்கள், உங்களுக்கு ஒட்டாது என்றார்கள். தண்ணீரைச் சோதித்துக் காட்டினேன். தண்ணீரைப் பற்றி யார் பேசினார்கள் என்று கேட்டார்கள். அம்மாவின் கழுத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன், ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போர்க்குழாய்க்குப் போனாள். ஊர்க் கோயில் தர்மகர்த்தாவிடம் போய் உட்கார்ந்தேன். மனிதர் நல்லவர், எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

"தண்ணி நல்ல தண்ணிதாம்மா, நான் இல்லங்கல. குடுத்தவன் பேரச் சொல்லு. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு வூட்டுக் கதவத் தட்டறது?"

குடும்பத்தாரிடம் திரையில் பேசினேன். பெயர் ஒன்று மட்டும் போட அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினேன். கழிப்பு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மூன்று ரோடும் பூசணிக்காயுமாக நான் விளக்க, அவர்கள் மிகவும் மரியாதையோடு கேட்டார்கள். ஒரு பேரன் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார், கலாசாரம் என்று நினைத்திருப்பார். ஆனால் விதி விதிதான். குடும்பத்தில் மூத்தவர், எழுபது தாண்டிய பேத்தி ஒருவர், கடைசியில் பேசினார். வருடம் முடியும்வரை பார்ப்போம், ஊர் உபயோகிக்காவிட்டால் இயந்திரத்தைக் கழற்றி வேண்டும் என்கிற வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எதிர்வீட்டுக் குழந்தை என் கண்ணிலேயே நின்றது. வருடம் முடியும்வரை அதன் ஈறு காத்திருக்காது.

அந்த மாதங்களில் நான் மிகவும் களைத்துப்போனேன் என்று சொன்னால் போதாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்கத் தோன்றாது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லது செய்தால் வேண்டாம் என்று சொல்கிற ஊரை அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம், பேசாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்றார். எழுதியும் வைத்தேன். தேதி மட்டும் போடவில்லை.

வைகாசியில் அந்த ஊர்க் கோயிலில் பாரதக் கூத்து நடந்தது. அதே ஜமா, அதே வாத்தியார். கடைசி நாள் காலையில் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள், பீமன் வந்து தொடையைப் பிளப்பான், அதைப் பார்க்கச் சுற்று வட்டாரம் முழுக்கக் கூடியிருக்கும். நானும் போயிருந்தேன். கிரீடங்கள் எப்படி உபயோகப்படுகின்றன என்று குடும்பத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. பீமன் கதாயுதத்தை ஓங்கிவிட்டான். அப்போது வாத்தியார் கட்டியக்காரன் தொப்பியோடு நடுவில் வந்து கையைத் தூக்கினார். ஆர்மோனியம் நின்றது.

இண்டூர்ப் பக்கம் இன்ன ஊரைச் சேர்ந்த, இன்னாரின் மகளான, என்று என் அப்பா பெயரைச் சொல்லி, பிறகு என் பெயரைச் சொன்னார். மைக்கில் அது மலைமேல் இடித்துத் திரும்பி வந்தது. இந்த ஜமாவுக்குக் கிரீடமும் இந்த ஊருக்குத் தண்ணீரும் கொடுத்தது அந்த மகராசிதான், அவள் குடும்பம் தழைக்கட்டும் என்று வாழ்த்தினார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பீமனும் பார்த்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன். கூத்து முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், என்ன காரியம் செய்தீர்கள், பொய் அல்லவா, என் வேலை போகும் என்று கத்தினேன். அவர் முகத்தில் பாதிச் சிவப்பு மிச்சம் இருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு வருசமா பேரில்லாத கிரீடத்த மாட்டிக்கிட்டு ஆடறேங்கக்கா. எனக்குத் தெரிஞ்ச பேரு உங்க பேருதான். கொண்டாந்து குடுத்தது நீங்கதான?"

அவர் ஊருக்காகச் செய்யவில்லை, தண்ணீருக்காகவும் செய்யவில்லை. அவர் தொழிலில் இருந்த ஒரு குறையைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பிளாண்டில் குடங்கள் வரிசையாக நின்றன. எதிர்வீட்டுப் பெண்தான் முதலில். என்னைப் பார்த்ததும், நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன்னாடியே புடிச்சிருப்பனே மேடம் என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். குழந்தை அவள் இடுப்பிலிருந்து சாய்ந்து வழிகிற குழாய்க்குக் கையை நீட்டியது. வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளில் சுவரில் பெயின்டரை விட்டு எழுதியும்விட்டார்கள். உபயம் என்று பெரிதாக, கீழே என் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு என் பெயர், ஊர், இரண்டு பக்கமும் தாமரை. தர்மகர்த்தா கோயில் செலவில் போட்ட எழுத்து அது. அழிக்கச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் அந்த மூத்த பேத்தி நேரில் வந்தார். பருத்திச் சட்டை, வெயிலுக்குத் தொப்பி, வரிசையான வெள்ளைப் பல். காரில் அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் அந்தச் சுவர் அவர் கண்ணில் படாமல் எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பிளாண்டில் கூட்டம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு பெண்ணிடமும் கை கொடுத்தார், குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். அழகாக இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது, சுற்றி நின்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் களைத்திருந்தேன். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அது என் பெயர் என்று சொன்னேன். கூத்து, பீமன், அறிவிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதே வேலையை விட்டுவிடத் தயார், இயந்திரத்தை மட்டும் கழற்றவேண்டாம் என்றேன்.

அவர் பிளாண்டின் படிக்கட்டில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். தன் தாத்தா பெயரில் தங்கள் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். அதில் இவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறதாம். இன்றைக்கும் அங்கே யாருக்காவது மருந்து மாறிவிட்டால், படுக்கை கிடைக்காவிட்டால், இவருடைய வீட்டுக்குத்தான் போன் வருகிறதாம். கடைத்தெருவில் அறிமுகமில்லாதவர்கள் நிறுத்திச் சண்டை போடுவார்களாம். அதனால்தான் அவர் தலைமுறையில் பெயரே வேண்டாம் என்று முடிவு செய்தார்களாம். அடக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. என்னைப் போலவே அவரும் களைத்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பெயர் இருக்கட்டும், அழிக்கவேண்டாம். ஆனால் உனக்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாங்கள் போய்விடுவோம். நீ போக முடியாது" என்றார்.

சொன்னபடியே போனார்கள். கோபித்துக்கொண்டு அல்ல, அவர்களுடைய காலக்கெடு முடிந்தது. இப்போது வேறொரு நாட்டில் ஒரு மேளக் குழுவுக்கும் ஒரு பிரசவ விடுதிக்கும் கொடுக்கிறார்கள் என்று கேள்வி. எங்கள் நிறுவனமும் வேறு வேலைக்குப் போயிற்று. நான் எழுதி வைத்திருந்த ராஜினாமாவுக்குத் தேதி போட்டுக் கொடுத்தேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன். மறுநாள் போன் வந்தது. மேடம், உங்க தண்ணி வரலீங்க.

தர்மகர்த்தா அன்றைக்குக் கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பெயர் போடுவது பெருமைக்கு என்று நான் இத்தனை காலம் கேலி செய்துகொண்டிருந்தேன். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்காகவும் போடுகிறார்கள். என் வீட்டுக் கதவை அவர்கள் நன்றாகவே தட்டினார்கள். மோட்டார் நின்றால் தட்டினார்கள், ஃபில்டர் அடைத்தால் தட்டினார்கள், இரண்டு தெருவுக்குள் குடச்சண்டை வந்தால் பஞ்சாயத்துக்குத் தட்டினார்கள். காதுகுத்துக்கு முதல் பத்திரிகை எனக்கு. பந்தியில் எனக்கு இரண்டு இலைக்கு இடம் விடுவார்கள். அரூரில் யாருக்கோ காலேஜில் சீட்டு வேண்டும், நீங்கள் சொன்னால் நடக்கும் என்பார்கள். நான் சாதாரண ஆள், ஓய்வு பெற்ற கண்டக்டரின் மனைவி என்று சொன்னால், பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க என்று சிரிப்பார்கள். அந்த மகராசிக்கு ஒரு டிக்கெட் என்று என் வீட்டுக்காரர் தினமும் கிண்டல் செய்வார். பிறகு அவரே டூவீலரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூட்டி வரப் போவார். மெக்கானிக்குக்குக் கொடுப்பது எங்கள் வீட்டுச் செலவில் போகிறது. அது எங்களுக்குப் பாரம்தான், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பல நாள் அந்தச் சுவரை ராவோடு ராவாகப் போய் வெள்ளையடித்துவிட்டு வந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன்.

போன மாசியில் மறுபடி போன். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றார்கள். ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியூர் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், மெக்கானிக் சாயங்காலம்தான் வருவேன் என்றான். இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து ஃபில்டர் மாற்ற எனக்கே வரும். முந்தானையைச் சொருகிக்கொண்டு, கழற்றிய மூடியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். முடி கலைந்து, புடவையெல்லாம் துருத் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எதிர்வீட்டுக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. மேல் வரிசையில் பால் பல் விழுந்து புதுப் பல் இரண்டு பாதி முளைத்திருந்தது. காட்டு பார்க்கலாம் என்றேன். ஈ என்று காட்டினாள். அரிசி போல வெள்ளை. மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுமை போய் ஓடிவிட்டாள்.

அப்போது ஒரு புதுப்பெண் குடத்தோடு வந்து நின்றாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. என்னை மெக்கானிக் வீட்டு ஆள் என்று நினைத்திருப்பாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள், கொஞ்ச நேரம் என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து வெயிலில் வெளுத்து, தாமரையில் ஒன்று பாதி உதிர்ந்திருந்தது.

"புண்ணியவதிங்க. அந்தம்மா செத்து எத்தினி வருசம் ஆச்சுங்க?"

"இன்னும் சாகலம்மா. ஃபில்டர் மாத்திக்கிட்டு இருக்கேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த ஊரிலிருந்து கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொன்னாள். இண்டூருக்கு அந்தப் பக்கம், என் அப்பா வீட்டுக்கு இரண்டு ஊர் தள்ளி. தனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள், அக்காவுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது என்றாள். அங்கே இன்னும் அதே போர்த்தண்ணீர்தானா என்று கேட்கவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்கால் வலித்தது, வீட்டுக்குப் போகவேண்டும், எனக்கு வயதாகிவிட்டது. மூடியைத் திருகி இறுக்கினேன். குழாயில் தண்ணீர் வந்தது. அவள் குடத்தை வைத்தாள். பிறகு கேட்டேன்.